அப்பாவின் இரண்டாவது ஊசியும் எங்கள் வார்டு முகாமும்

2021-இல் என் அப்பாவுக்கு இரண்டு தவணை கொரோனா தடுப்பூசி போட்டு முடிப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவுக்கு அப்போது 76 வயது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. அம்மா காலமாகிப் பல வருடம் ஆகிறது. தம்பி துபாயில். திருச்சி வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். இதை எழுத இரண்டு காரணம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவரை வீட்டில் வைத்துக்கொண்டு தனியாக அலைகிறவர்களுக்கு, அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, எங்கள் வார்டில் ஊர்க்காரர்களே சேர்ந்து உதவிய தடுப்பூசி முகாமைப் பற்றி எங்காவது எழுதி வைக்க வேண்டும். அந்த முகாமில் நின்றவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் இல்லையென்றால் அப்பாவுக்கு இரண்டாவது ஊசி அந்த வருடம் போட்டிருக்கவே முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஜனவரி 16-ஆம் தேதி மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மார்ச் 1 முதல் என்றார்கள். அந்த மார்ச் முழுக்க நாங்கள் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தோம். பிசியோதெரபி, மூக்குக்குழாய், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது என்றே நாட்கள் போயின. ஏப்ரலில்தான் மருத்துவர், "இப்போது நிலைமை சீராக இருக்கிறது, தாராளமாகப் போடலாம், தள்ளிப்போட வேண்டாம்" என்றார். அதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. தெருவுக்கு ஒரு வீட்டில் தகரம் அடைத்திருந்தார்கள். நான் வேலைக்குப் போய்வந்து அப்பாவைத் தொடும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் பயம்தான். ஆஸ்பத்திரிகளில் 'தடுப்பூசி இருப்பு இல்லை' என்று தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் காலை ஆறு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிட்டது என்பார்கள். அப்பாவை ஆறு மணிக்கு எழுப்பி, கழிவறைக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, உடை மாற்றி வெளியே கொண்டுவரவே எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வரிசையில் முந்திக்கொள்ள எங்களால் ஒருநாளும் முடியாது.

தடுப்பூசிக்கு இடம் பிடிக்க அரசு வைத்திருந்த கோவின் இணையதளத்தில் பதிவு செய்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே வெளியேற்றிவிடும், மறுபடி ஓ.டி.பி. வாங்கி உள்ளே போக வேண்டும். பச்சை நிறத்தில் இடம் இருப்பதாகக் காட்டுவதை அழுத்துவதற்குள் சிவப்பாகிவிடும். இரவு அப்பா தூங்கிய பிறகு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது தெரிந்தவர் மூலமாக ஒருவர் பேசினார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் இடம் பிடித்துத் தருவதாகவும், ஓ.டி.பி. வந்தால் அவருக்குச் சொன்னால் போதும் என்றும் சொன்னார். அந்த நேரத்துச் சோர்வில் யாருக்குமே சரி என்று சொல்லத் தோன்றும். நான் சொல்லவில்லை, அது எப்படியோ தப்பித்தது. தடுப்பூசிப் பதிவுக்கு அரசு யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, எந்தத் தடுப்பூசி விஷயமானாலும் போனில் ஓ.டி.பி. கேட்கிறவர் உதவ வந்தவர் அல்ல.

கடைசியில் ஏப்ரல் நடுவில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. அப்போது தனியாரில் ஒரு ஊசிக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது, அதைத்தான் வாங்கினார்கள். ஆனால் காருக்குக் காத்திருப்போடு சேர்த்து 900, ஒரு நாளைக்குச் சக்கர நாற்காலி வாடகை 200, அப்பாவைத் தூக்கி இறக்க உடன் வந்த பையனுக்கு 300, எனக்கு ஒருநாள் சம்பளப் பிடித்தம். தடுப்பூசி அறை மாடியில் இருந்தது, லிஃப்டில் நாற்காலி திரும்பவில்லை. பையனும் நானும் அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். படிக்கட்டில் அப்பாவின் இடது கை என் தோளை அழுத்திய அழுத்தத்தில் அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று எனக்குப் புரிந்தது. 35 வருடம் ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர், யாரையும் உதவி கேட்டுப் பழக்கமில்லாதவர். ஊசி போட்டு முடித்ததும் ஒரு சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தார்கள், அதன் ஓரத்தில் அடுத்த தவணைக்கு ஜூன் முதல் வாரத் தேதியொன்றைப் பேனாவால் எழுதினார்கள். அதில் இருந்த கைப்பேசி எண்ணில் ஒரு இலக்கம் தவறாகப் பதிவாகியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. இடம் பிடித்தது என் எண்ணில்தான். ஆனால் அங்கே வரவேற்பில் இருந்தவர்கள் 'சர்வர் சுத்துது' என்று சொல்லிவிட்டு விவரங்களைத் தாங்களே புதிதாக ஏற்றியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நடக்க முடியாதவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முந்தைய நாளே அந்த இடத்துக்குப் போன் செய்து கேளுங்கள். தரைத்தளமா? வண்டி வாசல்வரை வருமா? உட்காரும் வகைக் கழிவறை இருக்கிறதா? வண்டிக்குள்ளேயே வந்து ஊசி போடுவார்களா? ஊசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம். பெரியவர்களைப் பொறுத்தவரை அந்த நாள் நல்லபடியாக முடிவதும் முடியாததும் பெரும்பாலும் மற்றக் கேள்விகளில்தான் இருக்கிறது. போனை யாரும் எடுக்கவில்லையென்றால், பக்கத்தில் இருக்கும் யாரையாவது ஒருமுறை போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். பெட்ரோல் செலவு கார் வாடகையைவிடக் குறைவு.

ஜூனில் நடந்ததுதான் என்னை உடைத்துப் போட்டது. ஊரடங்கு நேரம். வண்டி கிடைப்பதே அரிது. தெரிந்தவர் ஒருவரின் காரைக் கெஞ்சிக் கேட்டு, சான்றிதழில் எழுதியிருந்த தேதியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மருத்துவமனையில் இருப்பு இல்லை என்று சொல்லி, வேறொரு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே காரிலேயே காத்திருந்த பிறகு, கணினியில் பார்த்தவர், "84 நாள் ஆகலையேம்மா, இது எடுக்கவே எடுக்காது" என்றார். மே 13-ஆம் தேதி, அப்பாவுக்குப் போட்ட கோவிஷீல்டு ஊசிக்கு இரண்டு தவணைகளுக்கு இடையில் 12 முதல் 16 வாரம் என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே இணையத்தில் இடம் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தேதி செல்லும், நேரில் போகிறவர்களுக்கு 84 நாள் முடியாமல் போட முடியாது என்பதுதான் விதி. ஏப்ரலில் பேனாவால் எழுதிய தேதியை நம்பி வந்த எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. முதல் மருத்துவமனையில் எங்களைத் திருப்பி அனுப்பியவராவது சொல்லியிருக்கலாம். காரின் பின்சீட்டில் அப்பாவுக்குச் சிறுநீர் போய்விட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் காருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இனிமேல் இவரை எங்கும் கூட்டிப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவும் செய்துவிட்டேன். கோபம் யார் மேல் என்று குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. விதி மாறியதில் தப்பில்லை, ஆராய்ந்துதான் மாற்றியிருப்பார்கள். மாறிய விதியை எங்கள் வாசல்வரை கொண்டுவந்து சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் வலித்தது.

அந்த ஆள் ஜூலையில் வந்தார். கல்லூரியில் படிக்கும் பெண், கையில் நீளமான கணக்கு நோட்டு, முகத்தில் இரட்டை மாஸ்க். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "அக்கா, உங்க வீட்ல 60 வயசுக்கு மேல யாராவது இருக்காங்களா? ஒரு ஊசி போட்டிருக்காங்களா, ரெண்டா?" என்று கேட்டாள். நான் பொறுமை இல்லாமல், "அவரால் நடக்க முடியாதும்மா, விட்டுடு" என்றேன். அவள் விடவில்லை. நடக்க முடியாது என்றால் உட்கார முடியுமா, நாற்காலி இருக்கிறதா, முதல் ஊசி எந்தத் தேதி, எந்த ஊசி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். தேதியை வைத்து அங்கேயே விரல்விட்டு எண்ணி, "84 நாள் அடுத்த வாரம் முடியுது அக்கா, அதுக்கப்புறம் எங்க வார்டுல முகாம் வந்தா முந்தின நாள் ராத்திரி போன் பண்றேன்" என்றாள். ஜூனில் நான் தெரிந்துகொள்ளாமல் போன கணக்கை ஒரு சின்னப் பெண் கேட்டுக்கு வெளியே நின்று போட்டுச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தத் தெருவில் அவள் அப்படி எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறாள். சில வீடுகளில் திட்டும் வாங்கியிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது.

சொன்னபடியே போன் வந்தது. மாநகராட்சி சுகாதாரத் துறை ஊசியும் நர்ஸும் தருகிறது, மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் ஏற்பாடு. பள்ளிகள் மூடியிருந்த காலம் என்பதால் எங்கள் வார்டுப் பள்ளிக்கூடம்தான் முகாம். எங்களுக்குப் பதினொரு மணி டோக்கன். எட்டு மணிக்கே எல்லாரையும் வரச்சொல்லிக் கூட்டம் சேர்க்காமல், அரை மணிக்கு இத்தனை பேர் என்று நேரம் பிரித்து முந்தைய நாள் இரவே போனில் சொல்லியிருந்தார்கள். கைக்குழந்தைக்காரர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் காலையில் முதல் நேரம், பெரியவர்களுக்கு நிதானமாகக் கிளம்பும் நேரம். வாசலில் இரண்டு படி இருந்தது. அதன்மேல் ஒரு பழைய கதவுப் பலகையைச் சாய்த்துப் போட்டு, வழுக்காமல் இருக்க அதில் சாக்கை ஆணியடித்து விட்டிருந்தார்கள். அந்தச் சாக்கை நான் ஏன் இவ்வளவு நினைவில் வைத்திருக்கிறேன் என்றால், அத்தனை மாதத்தில் அப்பா மாதிரி ஒருவர் வருவார் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்யப்பட்டிருந்த முதல் பொருள் அதுதான். ஆட்டோவை உள்ளேயே விட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் குனிந்து, "ஐயா, மெதுவா இறங்கலாம், அவசரமே இல்ல" என்று அப்பாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடமே சொன்னார். பக்கவாதம் வந்த பிறகு வெளியாட்கள் யாரும் அப்பாவிடம் நேராகப் பேசியதில்லை, எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும்.

உள்ளே மூன்று வகுப்பறைகள். ஒன்று காத்திருக்க, ஒன்று ஊசி போட, ஒன்று அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக. முதல் அறையில் மடிக்கணினியோடு ஒரு தையல்காரப் பெண், மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர். அவர்தான் அப்பாவின் பதிவைத் தேடினார். என் கைப்பேசி எண்ணைப் போட்டால் முதல் தவணை போட்டதற்கான தடமே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, மறுபடி திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் அசரவில்லை. "முதல் ஊசி சர்ட்டிஃபிகேட் இருக்கா அக்கா?" என்று கேட்டு வாங்கி, அதில் இருந்த 14 இலக்கப் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினார். அப்பாவின் பெயர் வந்துவிட்டது. அப்போதுதான் மருத்துவமனையில் எண்ணைத் தவறாக ஏற்றியிருந்தது தெரிந்தது. புதிதாகப் பதிந்து போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று பின்னால் நின்ற ஒருவர் சொன்னதற்கு, அப்படிச் செய்தால் இதையும் முதல் தவணை என்றே கணினி எடுத்துக்கொள்ளும், அப்பாவிடம் இரண்டு முதல் தவணைச் சான்றிதழ் இருக்கும், முழுதாகப் போட்டதற்குச் சான்று இருக்காது என்று பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு அப்படி ஆகி, வெளிநாடு போகும்போதும் வேலைக்குச் சேரும்போதும் திண்டாடியிருக்கிறார்கள். எந்தத் தடுப்பூசியாக இருந்தாலும் முதல் தவணைக்கு எந்த அட்டை, எந்தப் போன் எண் கொடுத்தீர்களோ அதையே கடைசிவரை கொடுங்கள். அந்தத் தாளைத் தொலைக்காமல் வைத்திருங்கள், கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பெயர், பிறந்த ஆண்டு, எத்தனையாவது தவணை, போன் எண் நான்கையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

ஊசி அறையில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது. அந்தக் கல்லூரிப் பெண் நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் கேட்டார். ஏப்ரலில் இதை யாரும் கேட்கவில்லை, ஊசி போட்ட இடம் நீலம் பாரித்து ஒரு வாரம் இருந்தது. இந்த முறை இடது கையில் போட்டுவிட்டு, தேய்க்காமல் பஞ்சை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நீலமே பாரிக்கவில்லை. பக்கவாதம், இதய நோய் என்று அத்தகைய மாத்திரை சாப்பிடுகிற பெரியவரைக் கூட்டிப்போனால், கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். தோள்வரை எளிதாக ஏறும் தொளதொளச் சட்டை போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள்.

மூன்றாவது அறையில் ஒரு பையன் ஒவ்வொருவருடைய டோக்கன் பின்னாலும் ஊசி போட்ட நேரத்தையும் எழுந்திருக்க வேண்டிய நேரத்தையும் எழுதிக் கொடுத்தான். அப்பாவுடையதில் 11.25, 11.55 என்று இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனான். மயக்கம், மூச்சுத் திணறல், உடம்பில் தடிப்பு வருகிறதா என்று பார்க்கத்தான் அந்த அரை மணி நேரம், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நிறையப் பேர் அதைத்தான் முதலில் குறைக்கப் பார்ப்பார்கள் என்றான். கிளம்பும்போது ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். காய்ச்சல், கைவலி ஒன்றிரண்டு நாள் இருக்கும், பாராசிட்டமால் போடலாம் என்று மேலே. கீழே பெரிய எழுத்தில், 20 நாட்களுக்குள் நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், கால் வீக்கம், விடாத தலைவலி, தோலில் ஊசிமுனை போலச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே மருத்துவரிடம் போகவும் என்று. ஊசியால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், எதைக் கவனிக்க வேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னதால்தான் அவர்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. அன்று இரவு அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, நான் பதறவில்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். அப்போது கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருந்தது. திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் கொட்டத்தான் வேண்டியிருந்தது. மதிய உணவுக்கு முந்தைய வேளையில் ஆறு பேர்தான் இருந்தார்கள். தபால்காரர் அந்த ஆறு பேரிடம், "பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க, நாலு பேரைக் கூட்டிட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் இருந்து ஒவ்வொருவராகப் போன் செய்தார். போன் எடுக்காத ஒரு வீட்டுக்கு ஒரு பையன் சைக்கிளில் போனான். பூக்காரம்மா ஒருவர் கையில் நாரோடு வந்தார், எதிர்க்கடையில் இருந்து ஒருவர், கட்டட வேலைக்கு வந்திருந்த இருவர். பத்துப் பேர் ஆனதும்தான் குப்பியைத் திறந்தார்கள். நாடு முழுக்க மருந்துக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று அவர் வியர்வை ஒழுக நின்று போன் செய்துகொண்டிருந்ததை நான் மறக்க மாட்டேன். ஏப்ரலிலும் ஜூனிலும் நான் பார்த்த மையங்களிலும் ஊசி இதே ஊசிதான், போட எடுக்கும் நேரமும் சில விநாடிதான். அந்த விநாடியைச் சுற்றி இருந்த பட்டியல், போன், பலகை, நாற்காலி, பொறுமை எல்லாம் இந்த மனிதர்கள் கொடுத்தது.

செலவென்று பார்த்தால் அன்றைக்கு ஆட்டோவுக்கு 120 ரூபாய் மட்டும். தனியாரில் அப்போது கோவிஷீல்டு 780 ரூபாய் வரை. பணமாக ஏதாவது கொடுக்கலாம் என்று மறுநாள் போனேன், வாங்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சங்கடப்படாமல் இருக்கட்டும் என்று, ஒரு சக்கர நாற்காலி இருந்தால் நல்லது என்றார் தையல்காரப் பெண். தம்பி பணம் அனுப்பினான், வாங்கிக் கொடுத்தோம். தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் சால்வை, மாலை என்று போகாமல், என்ன குறைகிறது என்று கேட்டுவிட்டுப் போனால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். மின்விசிறி, எக்ஸ்டென்ஷன் பெட்டி, குடிநீர் கேன், மாஸ்க், மதியச் சாப்பாடு. இவற்றில் ஏதோ ஒன்று எப்போதும் குறையும்.

அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஊழியர். இத்தனை நேர்த்தியாக எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, "நாங்க போலியோ சொட்டு மருந்துக் காலத்துல இருந்தே இதான்மா பண்றோம்" என்றார். யோசித்தால் உண்மைதான். 1995-இல் தொடங்கிய பல்ஸ் போலியோ முகாம்களில், தெருமுனையில் மேசை போட்டு உட்கார்ந்து, குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்து, வராத வீடுகளை மறுநாள் தேடிப்போய்ச் சொட்டு மருந்து கொடுத்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வராத வீட்டைத் தேடிப் போவது என்ற பழக்கம்தான் எங்கள் கேட்டுக்கு வெளியே அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

செப்டம்பர் 12-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க முதல் மெகா தடுப்பூசி முகாம் நடந்தது. 40 ஆயிரம் இடங்கள், 20 லட்சம் பேருக்கு என்று இலக்கு வைத்து, ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். அன்றைக்கு நானும் எங்கள் பள்ளிக்கூடத்தில் டோக்கன் மேசையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. இருப்பு எவ்வளவு வரும் என்று முந்தைய நாள் இரவுவரை தெரியாது, ஆனால் காலையில் வாங்குகிற திட்டு முழுக்க மேசையில் இருப்பவருக்குத்தான். இணையம் நின்றுவிட்டால் தாளில் எழுதி மாலையில் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் அவசரப்படுத்தினால்தான் எண்கள் மாறிப்போகும், ஏப்ரலில் அப்பாவுக்கு நடந்ததும் அப்படித்தான் இருக்கும். அதனால் முகாமுக்குப் போகிறவர்கள் ஆதாரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, போன் எண்ணைத் தெளிவாக எழுதிய சீட்டு ஒன்றையும் கொடுத்துவிட்டால் பெரிய உபகாரம். வர முடியவில்லையென்றால் ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள், அந்த இடத்துக்கு வேறொருவரை அழைக்கலாம். அன்று மாலை கால் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தேன். வாராவாரம் இதைச் செய்தவர்களை நினைத்து மலைப்பாக இருந்தது, அவர்களில் யாருக்கும் இது வேலை அல்ல.

அந்தச் செப்டம்பரிலேயே, படுக்கையைவிட்டு எழ முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடலாம் என்று மத்திய அரசும் வழிகாட்டுதல் கொடுத்தது. எங்கள் குழுவின் நோட்டில் ஏற்கெனவே அப்படிப்பட்டவர்களின் பட்டியல் தனியாக இருந்ததால், எங்கள் வார்டில் நர்ஸோடு வீடு வீடாகப் போவது உடனே தொடங்கிவிட்டது. ஆகவே வீட்டில் அப்படி யாராவது இருந்தால், கொரோனாவோ வேறு எந்தத் தடுப்பூசியோ, வண்டி பிடிப்பதற்கு முன்னால் உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்திலும் முகாம் நடத்துகிறவர்களிடமும் பெயரைக் கொடுத்து வையுங்கள். 'நடக்க முடியாது' என்று மட்டும் சொல்லாமல், உட்கார முடியுமா, எத்தனை நேரம் உட்கார முடியும், என்ன மாத்திரை, முதல் தவணை எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்டுக்கு வெளியே நோட்டோடு யாராவது வந்து நின்றால், தயவுசெய்து விரட்டாமல் ஐந்து நிமிடம் நின்று பதில் சொல்லுங்கள். வெயிலாக இருந்தால் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள்.